வலையமைப்புகளுக்கிடையே மின்னஞ்சல்: தொடக்கக் காலம்

1980களில் உலகில் ஒரே இணையம் இருக்கவில்லை. அர்ப்பாநெட், பிட்நெட், யு.யு.சி.பி., பிரிட்டனின் ஜேனட் எனப் பல கணினி வலையமைப்புகள் தனித்தனியே இயங்கின. ஒவ்வொன்றும் முகவரியை ஒவ்வொரு விதமாக எழுதியது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்னஞ்சல் அனுப்ப, இரண்டிலும் இணைந்துள்ள நுழைவாயில் கணினி எது என்பதை அனுப்புபவரே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இவற்றுள் எளிமையானது, பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க் உருவாக்கிய யு.யு.சி.பி. ஒரு கணினி மற்றொன்றைத் தொலைபேசியில் அழைத்து, சேர்ந்திருக்கும் அஞ்சல்களைக் கொடுத்துவிட்டு இணைப்பைத் துண்டிக்கும். அக்கணினி அடுத்ததை அழைக்கும். இதில் முகவரி என்பது உண்மையில் வழித்தடமே. 'அ!ஆ!இ!கண்ணன்' என்றால் அ, ஆ, இ ஆகிய கணினிகள் வழியாகக் கண்ணனுக்கு என்று பொருள். மாகறலுக்குக் கடிதம் எழுதுபவர் ஊர், மாவட்டம் எழுதினால் போதும். யு.யு.சி.பி. முறையிலோ, 'காஞ்சிபுரம் போய், உத்திரமேரூர் சாலையில் திரும்பி, மாகறலில் இறங்கு' என்று உறையின் மேலேயே எழுத வேண்டும். இடையில் ஒரு கணினி நின்றுபோனாலும் அஞ்சல் சேராது.

அர்ப்பாநெட்டில் 1971இல் ரே டாம்லின்சன் புகுத்திய '@' குறி வழங்கியது. இரண்டு முறைகளும் கலந்தபோதுதான் குழப்பம் முற்றியது. 'அ!கண்ணன்@ஆ' என்ற முகவரியை யு.யு.சி.பி. கணினி முதலில் அ-வுக்கு அனுப்பும். அர்ப்பாநெட் கணினி முதலில் ஆ-வுக்கு அனுப்பும். எரிக் ஆல்மன் பெர்க்லியில் எழுதிய சென்ட்மெயில் நிரல், இத்தகைய முகவரிகளை விதிகளைக் கொண்டு மாற்றி எழுதியது. அந்த விதிக் கோப்பைப் படித்துப் புரிந்துகொள்வது கணினித் துறையினருக்கே தலைவலியாக இருந்தது. ஜேனட்டோ முகவரியை நாட்டிலிருந்து தொடங்கித் தலைகீழாக எழுதியது. அதனால் கணினி அறிவியல் துறையைக் குறித்த 'சி.எஸ்.' என்ற கடைசி இரண்டு எழுத்துகள், வெளியே செக்கோஸ்லோவாக்கியா நாட்டைக் குறிப்பதாகவும் கொள்ளப்பட்டன! பிட்நெட்டின் ஐ.பி.எம். கணினிகள் வேறு எழுத்துக் குறியீட்டைப் பயன்படுத்தியதால், நுழைவாயிலைக் கடக்கையில் சில குறிகள் உருமாறுவதும் உண்டு.

1983இல் வந்த களப்பெயர் முறை இதற்குத் தீர்வானது. ஒரு களத்தின் அஞ்சலை எந்தக் கணினி பெற்றுக்கொள்ளும் என்று அறிவிக்கும் ஏற்பாடு 1986இல் சேர்ந்தது. இணையத்தில் நேரடியாக இணையாத நிறுவனமும் இதனால் நிலையான முகவரி பெற முடிந்தது. வழி தேடும் வேலை, அனுப்புபவரிடமிருந்து கணினிகளுக்கு மாறியது.

இந்தியாவுக்கு இது மிகவும் உதவிற்று. மத்திய மின்னணுத் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் 1986இல் எர்நெட் திட்டத்தைத் தொடங்கியது. சென்னை உள்ளிட்ட ஐந்து ஐ.ஐ.டி.கள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், பம்பாயின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், மின்னணுத் துறை ஆகிய எட்டும் அதில் பங்கேற்றன. முதலில் கிடைத்த சேவை யு.யு.சி.பி. அஞ்சல் மட்டுமே. 1989இல் இந்தியாவுக்கான '.இன்' களம் பதிவானது. 1992க்குள் இந்த எட்டு இடங்களும் விநாடிக்கு 9.6 கிலோபிட் வேகமுள்ள குத்தகை இணைப்புகளைப் பெற்றன. ஒரு மெகாபைட் படம் அதில் சென்று சேர ஏறத்தாழ 14 நிமிடம் ஆகும். எழுத்து மட்டுமே கொண்ட அஞ்சலுக்கு அது தாராளம். அதே ஆண்டில் பம்பாயிலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியாவிலுள்ள யு.யு.நெட்டுக்கு 64 கிலோபிட் இணைப்பு ஏற்பட்டது. பொதுமக்களுக்கு இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் வழியாகக் கிடைத்தது.