காவாய் நெடுங்கால ஆய்வு

ஹவாய்த் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த காவாய்த் தீவில் 1955-ஆம் ஆண்டில் பிறந்த 698 குழந்தைகளை, அவர்கள் நாற்பது வயதை எய்தும் வரையில் இடையிடையே பரிசீலித்து, மனித வளர்ச்சிக்கும் குடும்ப க்ஷேமத்துக்கும் உள்ள சம்பந்தத்தை ஆராய்ந்த ஆய்வு. இதனை நடத்தியவர்களுள் தலையாயவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்துப் பேராசிரியை எம்மி வெர்னர்; ரூத் ஸ்மித் அவருடன் பணியாற்றினார். வறுமை, பிரசவகாலச் சிக்கல், பெற்றோரின் பிணக்கு, மனநோய் முதலிய இன்னல்கள் பல ஒருங்கே சூழ வளர்ந்த குழந்தைகளுள்ளும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர், தன்னம்பிக்கையும் பிறர்பால் பரிவும் உடையவர்களாய் உருவாயினர் என்பதே இதன் பிரதான முடிவு. பெற்றோரோ, பாட்டியோ, ஆசிரியரோ, எவரேனும் ஒருவருடைய நிலைத்த அன்பு அவர்களுக்குக் கிட்டியிருந்தமை இதற்கு முக்கிய காரணமாகக் காணப்பட்டது. ஆகவே, இளமைத் துன்பம் ஒருவருடைய வாழ்வை மாறாத விதியாய் நிர்ணயிப்பதில்லை என்னும் சத்தியத்தை இவ்வாய்வு உலகுக்கு உணர்த்திற்று.