துடைக்கும் கை: அச்சுத் தொழிலாளர் தோல் அழற்சியின் வரலாறு

அச்சுத் தொழிலின் நோய் என்றதும் ஈயமே நினைவுக்கு வருகிறது. ஈயமும் ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்து வார்த்த எழுத்துகளை நாள் முழுதும் கையாண்ட கம்பாசிட்டரின் வயிற்றுவலியும் இரத்தச்சோகையும் மருத்துவ நூல்களில் நிறையவே பதிவாகியுள்ளன. அவரது கைத்தோல் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. ஆனால் ஈயம் அச்சகத்தை விட்டுப் போன பிறகும் தோல் நோய் போகவில்லை. அதன் வேரை அச்சடிப்பதில் அன்றி, அச்சடித்தபின் துடைத்துக் கழுவுவதில் தேட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஜோசப் மாக்ஸன் 1683-84இல் லண்டனில் வெளியிட்ட அச்சுக்கலைக் கையேட்டில், எழுத்துகளைக் கழுவும் காரநீர்த் தொட்டியும் தூரிகையும் வழக்கமான தளவாடங்களாக வருகின்றன. ஆன்டிமனிப் புகையின் நஞ்சு முறிய எழுத்து வார்ப்போர் ஒயினில் சாலட் எண்ணெய் கலந்து குடித்ததையும் அவர் குறித்துவைத்திருக்கிறார். (பலன் கிடைத்ததோ இல்லையோ, மருந்து கசந்திருக்காது!) மையின் எண்ணெயை அகற்றும் காரம் தோலின் எண்ணெயையும் அகற்றிவிடும். தொழில் நோய்களை முதன்முதலில் விரிவாக எழுதிய ராமஸ்ஸினி, தம் நூலின் 1713ஆம் ஆண்டுப் பதிப்பில் அச்சுத் தொழிலாளரைச் சேர்த்தபோது கண்களின் களைப்பைத்தான் சிறப்பாகப் பேசினார்.

கல்லச்சும் அதன் வழிவந்த ஆஃப்செட்டும் கதையை மாற்றின. தகடு தயாரிக்கும் ஒளியுணர் பூச்சிலும், தகட்டை நனைக்கும் நீரிலும் குரோமியச் சேர்மங்கள் புகுந்தன. இங்கே எரிச்சலோடு ஒவ்வாமையும் சேர்ந்துகொண்டது. உடல் ஒருமுறை குரோமியத்தைப் பகையாக ஏற்றுவிட்டால், பிறகு துளி பட்டாலும் தோல் சிவந்து வெடிக்கும். ஐயத்துக்குரிய பொருளைத் தோலில் ஒட்டிவைத்துப் பார்க்கும் ஒட்டுச் சோதனை, தோல் மருத்துவர் யாடாசோன் 1895இல் அறிமுகப்படுத்தியது, இந்த இரு வகைகளையும் பிரித்தறிய உதவியது. நீலப்படிவ அச்சில் ஈடுபட்ட ஒருவரிடம் குரோமிய ஒவ்வாமை 1925இல் இம்முறையால் உறுதிசெய்யப்பட்டது.

1970களில் பரவிய புறஊதாக் கதிரில் உலரும் மைகள் கரைப்பான் ஆவியாகாதவை. அதனால் பாதுகாப்பானவை என வரவேற்கப்பட்டன. அவற்றிலுள்ள அக்ரிலேட்டுகளோ உலருமுன் தோலில் பட்டால் ஒவ்வாமையைத் தூண்டக்கூடியவை. மூக்குக்குக் கிடைத்த பாதுகாப்புக்கு விலை கொடுத்தது கை.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் அச்சுத் தொழிற்சங்க உறுப்பினர் 2600 பேருக்கு வினாப்படிவம் அனுப்பி நடத்திய ஆய்வு 2002இல் வெளியானது. பதிலளித்த 1189 பேரில் 41 விழுக்காட்டினர் எப்போதேனும் தோல் தொல்லை இருந்ததாகக் கூறினர். தாமே கூறியது என்பதால் இந்த எண்ணிக்கை முழுவதையும் தொழிலின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆயினும் மிகுதியாகப் பாதிக்கப்பட்டவை விரல்களும் விரலிடுக்குகளும் என்ற செய்தி, எண்ணிக்கையைவிடத் தெளிவாகப் பேசுகிறது. கரைப்பானில் நனைத்த துணியைப் பிழிந்து உருளையைத் துடைக்கும்போது ஈரம் தங்குவது அந்த இடுக்குகளில்தானே!

‘தொடாதே, காத்துக்கொள், தோலைச் சோதி’ என்ற மூன்று படிகளைப் பிரிட்டன் பரிந்துரைக்கிறது. இவற்றில் கையுறை இரண்டாம் படிதான். அதிலும் சிக்கல் உண்டு. இயற்கை ரப்பர் உறை பல கரைப்பான்களில் ஊதிப்போகும். நைட்ரைல் உறை பொதுவாக மேலானது. அதுவும் மெல்லியதாக இருந்தால், நனைந்தவுடன் மாற்ற வேண்டும். சுழலும் உருளைகளுக்கிடையே உறை சிக்கினால் விரலே போய்விடும். எனவே எந்திரம் ஓடும்போது வெறுங்கையால் துணியைப் பிடித்த தொழிலாளி, தோலைப் பணயம் வைத்து விரலைக் காத்துக்கொண்டிருந்தார். கழுவலைத் தானே முடிக்கும் கருவிகள் பொருத்தப்பட்ட எந்திரங்களில்தான் துணியும் கையும் உருளையைவிட்டு விலகத் தொடங்கின.