வெறுங் கதிரைகளும் வாக்குரிமையும்: 1934இன் யாழ்ப்பாண இடைத்தேர்தல்கள்

இடைத்தேர்தல் என்பது பொதுவாக ஓர் அங்கத்தவரின் மரணத்தாலோ பதவி விலகலாலோ ஏற்படும் வெற்றிடத்தை நிரப்புவதாகும். 1934இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் நடைபெற்றவையோ, ஆரம்பம் முதலே எவரும் அமராத நான்கு கதிரைகளுக்கான தேர்தல்களாகும். இவ்வேறுபாட்டின் வரலாற்று முக்கியத்துவம் போதியளவு உணரப்படவில்லை என்றே கருதுகிறோம்.

1931இன் டொனமூர் அரசியல் யாப்பு, 21 வயதுக்கு மேற்பட்ட ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வழங்கியது. அதற்கு முன்னர், சொத்தும் கல்வியும் தகுதிகளாயிருந்த காலத்தில், சனத்தொகையில் 4 சதவீதமளவினரே வாக்காளராயிருந்தனர். ஆயினும், ஆள்பதியின் மேலதிகாரங்களையும் மூன்று அரச அதிகாரிகளின் இருப்பையும் சுட்டிக்காட்டி, பூரண சுயராச்சியமே வேண்டுமென்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசு தேர்தற் பகிஷ்கரிப்பைக் கோரிற்று. அதன் விளைவாக யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய தொகுதிகளில் எவருமே நியமனப்பத்திரம் தாக்கல் செய்யவில்லை.

ஹன்டி பேரின்பநாயகம் முதலானோர் தலைமைதாங்கிய இவ்வியக்கம், சாதி ஒடுக்குமுறையையும் வகுப்புவாதத்தையும் எதிர்த்த ஏகாதிபத்திய விரோதச் சக்தியாகும். எனினும், பகிஷ்கரிப்பை ஆதரித்தோர் யாவரும் ஒரே நோக்குடையவரல்லர். இனவாரிப் பிரதிநிதித்துவம் நீக்கப்பட்டமையால் அதிருப்தியுற்றிருந்த பழைமைவாதிகளும் இதனுள் நிழல் தேடினர். முரண்பட்ட வர்க்க நலன்கள் ஒரே மறுப்பில் தற்காலிகமாகச் சந்தித்தன. மறுப்பின் பின் யாது செய்வது என்பதில் அவை ஒன்றுபட இயலாது.

பகிஷ்கரிப்பு தென்னிலங்கைக்குப் பரவாத நிலையில், அது குடாநாட்டுக்குள்ளேயே தனிமைப்பட்டது. சபை இயங்கியது, நிர்வாகக் குழுக்களும் மந்திரிகளும் செயற்பட்டனர், வடக்கின் நான்கு கதிரைகள் மட்டும் வெறுமையாயிருந்தன. அதன் பயனை அறுவடை செய்தோர் யாவர்?

1934இல் யாழ்ப்பாணத்தில் அருணாசலம் மகாதேவாவும், காங்கேசன்துறையில் சு. நடேசனும், பருத்தித்துறையில் ஜி. ஜி. பொன்னம்பலமும், ஊர்காவற்றுறையில் நெவின்ஸ் செல்வதுரையும் தெரிவாகினர். மகாதேவா, சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் புதல்வர். நடேசன், சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மருமகன். பொன்னம்பலம், புகழ்பெற்ற நியாயவாதி. சர்வசன வாக்குரிமையை வன்மையாக எதிர்த்தவர் இராமநாதன். அவ்வுரிமையால் உருவான தொகுதியே அவரது மருமகனைச் சபைக்கு அனுப்பியமை வரலாற்றின் நகைமுரணாகும்.

தலைமையின் வர்க்க அடிப்படை மாறவில்லையெனினும், மற்றொரு முக்கிய மாற்றம் நிகழ்ந்தது. குடாநாட்டின் கூலி விவசாயிகளும், மீனவரும், ஒடுக்கப்பட்ட சாதியினரும், பெண்களும் தமக்கெனச் சட்டம் அளித்த வாக்கைப் பிரயோகிக்க வாய்ப்புப் பெற்றது இத்தேர்தல்களிலேயே. தென்னிலங்கை மக்கள் 1931இலேயே பெற்ற அரசியல் அனுபவம், இவர்களுக்கு மூன்றாண்டுகள் பிந்தியே கிட்டியது. வாக்குப் பெட்டியைப் புறக்கணித்தோர் கற்றோராயிருக்க, அப்புறக்கணிப்பின் செலவைச் செலுத்தியோர் கல்லாதோராயினர்.

1936இல் மந்திரிசபை முற்றிலும் சிங்கள அங்கத்தவரைக் கொண்டமைந்தது. அதன்பின் பொன்னம்பலம் சமபலப் பிரதிநிதித்துவக் கோரிக்கையை முன்வைத்தார். வாலிபர் காங்கிரசு விட்டுச்சென்ற வெற்றிடத்தை நிரப்பியது இனவாரிக் கணக்கீடே. எனவே, 1931இன் பகிஷ்கரிப்பை வெறும் தவறு என்று தள்ளிவிடுவதும், தூய இலட்சியவாதம் என்று போற்றுவதும் ஒருங்கே பொருந்தா. அதன் இலக்கு முற்போக்கானது. ஆனால் அவ்விலக்கை உழைக்கும் மக்களின் அன்றாட நலன்களோடு இணைக்கும் அமைப்பு அதனிடம் இருக்கவில்லை. மக்களால் நிரப்பப்படாத வெற்றிடங்களை ஆளும் வர்க்கமே நிரப்பும் என்பது இவ்விடைத்தேர்தல்கள் நமக்கு உணர்த்தும் பாடமாகும்.