குருதிச் சோதனையும் ஒரு மருந்தின் மீட்சியும்

1952ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரில் டிலே, டெனிக்கர் ஆகியோர் குளோர்புரோமசின் என்னும் மருந்தை உளநோயாளருக்கு வழங்கியதோடு உளமருத்துவ வரலாற்றில் ஒரு புதிய கட்டம் தொடங்கியது எனலாம். ஆயின் அம்மருந்தும் அதன் வழிவந்தனவும் கைகால் நடுக்கத்தையும் தசை விறைப்பையும் உண்டாக்கின. நோயாளருள் ஒரு பகுதியினருக்கு அவற்றாற் பயனும் விளையவில்லை. சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரிலிருந்த வாண்டர் நிறுவனத்தில் 1950களின் இறுதியில் உருவாக்கப்பட்ட குளோசபின் இத்தகைய நடுக்கத்தை அரிதாகவே தோற்றுவித்தது.

இம்மருந்து 1975இல் பின்லாந்தில் அறிமுகமாகிச் சில மாதங்களுள் அதனை உட்கொண்டோருள் எண்மர் மரணமடைந்தனர். என்புமச்சையில் வெண்குழியங்களின் உற்பத்தி தடைப்பட்டு, எளிய தொற்றும் உயிர்கொல்லியாக மாறியமையே இதற்குக் காரணமாகும். பல நாடுகள் மருந்தை விலக்கின அல்லது கட்டுப்படுத்தின. ஆயினும், வேறெம்மருந்தாலும் தேறாது இதனால் மட்டுமே தெளிவு பெற்றோரின் கதி யாது என்னும் வினா எஞ்சி நின்றது.

இவ்வினாவுக்குரிய விடை 1988இல் கிடைத்தது. கேன் என்பவரும் அவர்தம் குழுவினரும் பிற மருந்துகளாற் குணமடையாத 268 நோயாளரை ஆறு வாரம் ஆராய்ந்தனர். குளோசபின் பெற்றோருள் 30 சதவீதத்தினரும் குளோர்புரோமசின் பெற்றோருள் 4 சதவீதத்தினருமே முன்னேற்றங் கண்டனர். 1989இல் அமெரிக்கா, வாராந்தக் குருதிச் சோதனை என்னும் நிபந்தனையுடன் மருந்தை அனுமதித்தது. சோதனை இன்றேல் மருந்தும் இல்லை என்பதே விதியாயிற்று. 1990 முதல் 1994 வரை அங்கு இதனைப் பெற்ற 99,502 பேருள் 382 பேருக்கே வெண்குழியக் குறைபாடு கடுமையாக ஏற்பட்டது. இறந்தோர் 12 பேர். ஆயின் தொடக்கத்தில் மருந்தும் சோதனையும் ஒன்றாகவே விற்கப்பட்டமையால் ஆண்டுச் செலவு ஏறத்தாழ 9,000 டொலராயிற்று. பாதுகாப்புக்கென வகுத்த ஏற்பாடே வறியோருக்குத் தடையாகவும் அமைந்தமை நோக்கற்பாலது.

குருதியை மாத்திரம் கண்காணித்தல் போதாதென்பதும் பின்னர் புலனாயிற்று. இதயத் தசையழற்சியும் கடும் மலச்சிக்கலும் உயிராபத்தை விளைவிக்கக்கூடியன. வெண்குழிய ஆபத்து முதல் சில மாதங்களிலேயே மிகுதி என்பதும் தெளிவாயிற்று. 2025இல் அமெரிக்கா கட்டாயப் பதிவு முறையை நீக்கியபோதிலும், குருதிச் சோதனை தொடரவேண்டும் என்னும் அறிவுரையைக் கைவிடவில்லை.

இவ்வாறாக, ஆபத்துள்ள மருந்தை முற்றாக விலக்குதல் பாதுகாப்பாகத் தோன்றினும் அதற்கும் நோயாளரே விலை கொடுக்கின்றனர். அளவறிந்த கண்காணிப்பே அவ்விரு துன்பங்களிடையே மனிதர் கண்ட நடுவழி என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.