தமிழ்ப்பள்ளிக்குச் சட்டம் உண்டு. இடம் ஒதுக்குவது யார்?

ஜோர்ஜ்டவுன் – 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பே மலேசியத் தமிழ்க்கல்வியின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. இன்று பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. அவற்றைச் சட்டம் காக்கிறது. ஆனால் மக்கள் குடிபெயர்ந்த இடத்திற்குப் பள்ளி தானாக வந்துவிடுவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1961 கல்விச் சட்டத்தின் 21(2) பிரிவு, தமிழ், சீனத் தொடக்கப்பள்ளிகளைத் தேசியப் பள்ளிகளாக மாற்றும் அதிகாரத்தை அமைச்சருக்கு வழங்கியது. நீண்ட காலம் அச்சம் தந்த அந்தப் பிரிவு 1996 கல்விச் சட்டத்தில் இடம்பெறவில்லை. தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை எனத் தொடுக்கப்பட்ட வழக்கும் 2021-இல் உயர்நீதிமன்றத்திலும், 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோல்வி கண்டது. மேலும் முறையிட 2024-இல் கூட்டரசு நீதிமன்றம் அனுமதி தரவில்லை.

இருப்பினும், 1996 சட்டத்தின் 28-ஆவது பிரிவைக் கவனித்துப் படிக்க வேண்டும். தேசியப் பள்ளிகளையும் தேசிய வகைப் பள்ளிகளையும் அமைச்சர் ‘அமைக்கலாம்’, அமைத்தவற்றைப் ‘பராமரிக்க வேண்டும்’ என்கிறது அது. இருக்கும் பள்ளியைப் பேணுவது கடமை. புதிய பள்ளி கட்டுவது அமைச்சரின் விருப்பம்.

தோட்டத்திலிருந்து நகருக்கு

கூட்டு மலாய் மாநிலங்களின் 1923 தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. தரம் எப்படி இருந்தாலும், பிள்ளைகள் இருக்கும் இடத்தில் பள்ளி இருந்தது. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்கும் தாமான்களுக்கும் வந்தனர். பள்ளிகள் பல தோட்டத்திலேயே நின்றுவிட்டன. 150-க்குக் குறைவான மாணவர்கள் இருந்தால் அது ‘குறைந்த மாணவர் பள்ளி’ எனப்படுகிறது. ஒருபுறம் வகுப்பறை காலியாகிறது. மறுபுறம் புதிய குடியிருப்பிலுள்ள பிள்ளை அருகில் தமிழ்ப்பள்ளி இன்றி வேறு பள்ளிக்குச் செல்கிறது.

யார் கையில் எது?

கல்வி கூட்டரசின் பொறுப்பு; நிலம் மாநிலத்தின் பொறுப்பு. 2008-க்குப் பின் பினாங்கு மாநில அரசு தமிழ்ப்பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் நிதி ஒதுக்கி வருகிறது. நிலமும் அதனால் தர முடியும். ஆனால் பள்ளிக்கான அனுமதியும் ஆசிரியர்களும் புத்ராஜெயாவிலிருந்தே வர வேண்டும். எந்த இடத்தில் பள்ளி நிலம் ஒதுக்குவது என்பது 1976 நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் கீழ் தயாராகும் உள்ளூர் திட்டத்தில் அடங்கும். பினாங்குத் தீவு மாநகர் மன்றமும் செபராங் பிறை மாநகர் மன்றமும் அதைத் தயாரிக்கின்றன. பத்து காவான் போல, தோட்டமாக இருந்து புதுநகராக மாறும் பகுதிகளில் இது முக்கியம். வீடுகள் எழுந்த பிறகு பள்ளிக்கு நிலம் தேடுவது கடினம்.

வேல்ஸ் செய்தது

பிரிட்டனின் வேல்ஸ் நாட்டில், ஊராட்சி மன்றம் நடத்தும் முதல் வேல்ஸ் மொழிப் பள்ளி 1947-இல் லனெல்லி நகரில் திறக்கப்பட்டது. அங்கும் பெற்றோரின் விடாமுயற்சியே பல பள்ளிகளைக் கொண்டு வந்தது. 2013-இல் வந்த சட்டம் அந்தச் சுமையை இடம் மாற்றியது. வேல்ஸ் மொழிக் கல்வியை எப்படி விரிவாக்குவது என்று 22 ஊராட்சி மன்றங்களும் திட்டம் தீட்டி அரசின் ஒப்புதல் பெற வேண்டும். 2022 முதல் இவை பத்தாண்டுத் திட்டங்கள். 2025-இல் நிறைவேறிய புதிய சட்டம் இதை மேலும் வலுப்படுத்தியது. மொழிக் கல்வி ‘கேட்டால் தருவது’ என்பதிலிருந்து ‘திட்டமிட்டுத் தருவது’ என்று மாறியது.

பெற்றோர் செய்யக்கூடியவை

மலேசியாவில் அத்தகைய கட்டாயம் இல்லை. ஆனால் மூன்று வழிகள் திறந்தே உள்ளன. உள்ளூர் திட்ட வரைவு பொதுப் பார்வைக்கு வைக்கப்படும்போது, பள்ளி நிலம் கோரி எழுத்துப்பூர்வமாக மனு அளிக்கலாம். தேசியப் பள்ளியில் 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ்மொழி வகுப்புக்கு வசதி செய்யப்பட வேண்டும் என்கிறது 1996 சட்டம். மூன்றாவது, முதலாம் ஆண்டுப் பதிவு. தமிழ்ப்பள்ளியில் பதிவாகும் ஒவ்வொரு பிள்ளையும் தேவையைக் காட்டும் கணக்கில் சேர்கிறது. பதிவு இல்லாத இடத்தில் தேவையும் இல்லை என்றே கோப்புகள் சொல்லும்.