கோடிய கோல்

கொடுங்கோல் என்ற சொல்லுக்குக் ‘கொடியவன் கையில் ஏந்திய கோல்’ என்று பொருள் விரித்து, அதனின்றும் ஒருபடி மேலே சென்று, எங்கிருந்தோ வந்த கொடியவன் ஒருவன் வன்மையால் நாட்டைப் பறித்துக்கொள்வதே கொடுங்கோன்மையின் பிறப்பு என்று ஒரு சித்தாந்தமும் கற்பித்துவிடுகிற வழக்கம் இந்நாளில் மேடைகளிலே வேரூன்றிவிட்டது. சொல்லைப் பற்றிய பிழை சொல்லோடு நின்றிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அது பொருளையும் மறைக்கத் தொடங்கியபின் வாளா இருப்பது தகாது. வேறு சிலர் இன்னும் துணிந்து, கொடுத்தல் என்னும் வினையைக் கொணர்ந்து, ‘குடிகள் கொடுத்த கோல்’ என்று உரை காண்கின்றனர். அது வினைத்தொகையாயின் ‘கொடுகோல்’ என்று நிற்குமேயன்றி இடையே மெல்லெழுத்து வந்து புக இடமில்லை. பண்புத்தொகையாதலாலேயே செம்மை செங்கோலில் ‘செங்’ ஆனதுபோலக் கொடுமை கொடுங்கோலில் ‘கொடுங்’ ஆயிற்று. நன்னூல் பயின்ற மாணாக்கனும் அறிந்த இதற்குமேல் அவர்களுக்கு மறுமொழி வேண்டுவதில்லை.

அப்பண்பு யாது என்பதே வினா. கொடு என்பதன் முதற்பொருள் வளைவு என்பதற்கு நம் மொழியிலே சான்றுகள் மலிந்து கிடக்கின்றன. வில்லைக் கொடுமரம் என்றனர். அரிவாள் போல வளைந்த படையைக் கொடுவாள் என்றனர். வளைந்த வரிகளை உடைமையால் புலி கொடுவரி ஆயிற்று. மகளிர் காதணி கொடுங்குழை எனப்பட்டது. சிறுவர் கல்லெறிந்து வீழ்த்தும் கொடுக்காய்ப்புளியின் சுருண்ட காயை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தவருக்கு அப்பெயரின் காரணம் கூற வேண்டா. ஆவுடையார்கோயிலுக்குச் சென்றோர், அங்கே கருங்கல்லை மரச்சட்டம்போல் இழைத்து, சட்டங்களும் அவற்றைப் பிணிக்கும் ஆணிகளும் கல்லிலேயே தோன்றுமாறு வளைத்து இறக்கியிருக்கும் தாழ்வாரத்தை அண்ணாந்து பார்த்து வியந்திருப்பார்கள். சிற்பிகள் அதற்கு வைத்த பெயர் கொடுங்கை. அதிலே கொடுமை எங்கே இருக்கிறது? இவை எல்லாவற்றையும் ஒதுக்கினாலும் கொடுந்தமிழ் என்னும் ஒரு சொல் போதும். செந்தமிழ் நேரிய தமிழ். கொடுந்தமிழ் அந்நேர்மையினின்றும் சற்றே திரிந்து வளைந்த தமிழ். செந்தமிழுக்கும் கொடுந்தமிழுக்கும் உள்ள உறவே செங்கோலுக்கும் கொடுங்கோலுக்கும் உள்ள உறவு. செங்கோலைச் செந்நிறக் கோல் என்பாரும் உளர். கொடுங்கோல் என்ன நிறம் என்று அவர்கள் சொல்லட்டும்.

கொடுவின் உடன்பிறந்த வினை கோடுதல். திருவள்ளுவர் செங்கோன்மையிலும் அதனை அடுத்த கொடுங்கோன்மையிலும் அரசன் கோலைப் பற்றிப் பேசுங்கால் கோடுதல், கோடாமை என்ற இவ்வினையையே ஆள்கிறார். முறையும் அவர் வாக்கில் கோடுகிறது. கோடுவது முன்பு நேராக இருந்த பொருளன்றோ? சிலப்பதிகாரத்திலே நெடுஞ்செழியன் பிறவியிலே தீயவனாக வரவில்லை. படைவென்றி உடையவனாய், முறை வழுவாத குடியிற் பிறந்தவனாய் வருகிறான். ஆராயாது விடுத்த ஓர் ஆணையால் அவன் கோல் வளைந்தது. பிழையை உணர்ந்த கணத்திலே பிரிந்த உயிர் வளைந்த அக்கோலை நிமிர்த்தியது என்று சேரன் செங்குட்டுவன் வாயிலாக இளங்கோவடிகள் உரைப்பித்த இடம் கற்றார் அனைவரும் அறிந்தது. கொடிய என்பது கொலைஞருக்கும் அடையாக அக்காலத்திலேயே வழங்கியதை நான் மறுக்கவில்லை. கோலோடு சேரும்போது அச்சொல் தன் பழைய பொருளிலேயே நிற்கிறது என்பதே என் வாதம்.

கோல் என்பதோ நம்மவர்க்கு நேர்மையின் வடிவம். அளவுகோல், முழக்கோல், எழுதுகோல், துலாக்கோல் ஆகிய யாவும் கோணினால் பயன் கெடுவன. வடமொழித் தண்டமும் இதற்கு இனமானதே. முதலில் கழி என்னும் பொருள் தந்த அச்சொல் பின்பு தண்டனையையும், தமிழில் வரி தண்டுதலோடு உறவாடி அரசிறையையும் நினைவூட்டலாயிற்று. வேலோடு வழிமறிக்கும் கள்வனையும் கோலோடு நின்று பொருள் கேட்கும் அரசனையும் வள்ளுவர் ஒப்பு வைத்தபோது, வேலினும் கோல் தீங்கு செய்ய வல்லது என்பதை எவ்வளவு கூர்ந்து கண்டிருக்கிறார்!

இவ்வேறுபாட்டையே யவன தேசத்துச் சரித்திரம் வியக்கத்தக்க முறையில் காட்டுகிறது. கிறிஸ்துவுக்கு முன் 561-ஆம் ஆண்டை ஒட்டி, மெகாராவோடு நடந்த போரிலே புகழ்பெற்றிருந்த பெய்சிஸ்திராத்தஸ் என்பவன், தன் உடம்பிலும் தன் வண்டியிற் பூட்டிய கோவேறு கழுதைகளின் மேலும் தானே காயம் உண்டாக்கிக்கொண்டு, குருதி ஒழுக ஏதென்ஸ் நகரின் சந்தைவெளிக்கு வண்டியை ஓட்டி வந்து, பகைவர் தன்னைக் கொல்ல முயன்றனர் என்று முறையிட்டு மெய்காவலர் வேண்டினான். மக்கள் மன்றம் இரங்கி அளித்தது. அக்காவலர் வேல் தாங்கியவரல்லர், தடி தாங்கியவர் என்பதை ஹெரோடோட்டஸ் குறிப்பாக எடுத்துச் சொல்கிறார். அத்தடிக்காரரைக் கொண்டே அவன் நகரின் கோட்டையாகிய அக்ரோபொலிஸைக் கைப்பற்றினான். முதியவரான சோலோன் எதிர்த்துப் பேசியும் கேட்பாரில்லை.

ரோமாபுரியிலே கதை இன்னும் விரிவாக நிகழ்ந்தது. அங்கே கான்சல் என்னும் தலைவனுக்கு முன்னே பன்னிரண்டு ஏவலர், கோல்களை ஒன்றாகக் கட்டி நடுவே கோடரி செருகிய கற்றையைத் தோளில் தாங்கிச் செல்வர். நகர எல்லைக்குள் நுழைந்தவுடன் கோடரியைக் கழற்றிவிட வேண்டும். குடிமகனின் உயிர்மேல் தலைவனுக்குத் தனியதிகாரம் இல்லை என்பதற்கு அது அடையாளம். பேராபத்து நேர்ந்தால் செனட் சபையின் விருப்பப்படி கான்சல் இரவின் அமைதியிலே எழுந்து ஒருவனை ‘டிக்டேட்டர்’ என்று பெயர் குறிப்பான். அவனுக்கு இருபத்துநான்கு ஏவலர். நகரினுள்ளும் கோடரி கழற்றப்படாது. ஆயினும் ஆறு திங்களுக்குமேல் அவன் அப்பதவியில் இருத்தலாகாது. சின்சின்னாட்டஸ் பதினாறாம் நாளிலே அதைத் துறந்து ஏருக்குத் திரும்பினான் என்பர். கி.மு. 82-இல் சுல்லா என்பவன் கால எல்லை அற்ற டிக்டேட்டர் ஆனான்; அப்போதும் ஒரு சட்டம் முறைப்படி நிறைவேற்றப்பட்டது. சீசர் முதன்முறை பதினொரு நாளே அப்பதவியில் இருந்தான்; பின்பு பத்தாண்டுக்கு; கி.மு. 44-இல் ஆயுள் முழுமைக்கும். ஒவ்வொரு முறையும் கோலை நீட்டியவர் உண்டு. வாங்கியவன் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்ததில்லை.

இந்த டிக்டேட்டரைத்தான் நாம் சர்வாதிகாரி என்று மொழிபெயர்த்தோம். அச்சொல்லும் இழிவிலே பிறந்ததன்று. திருவிதாங்கூரில் சர்வாதிகாரியக்காரர் என்பது மதிப்புள்ள உத்தியோகமாக இருந்தது. 1930-களின் சத்தியாக்கிரகக் காலத்திலே, நிர்வாகிகள் சிறைப்பட்டதும் போராட்டம் முழுவதையும் ஒருவரிடம் ஒப்புவித்து அவரைச் சர்வாதிகாரி என்று வணங்கியழைத்தார்கள். அவரும் சிறை சென்றால் அடுத்தவர் சர்வாதிகாரி. 1951-இல் திரைப்படத்தின் பெயராக வரும்போதோ அச்சொல் அச்சம் தரும் சொல்லாகவே நின்றது. இருபதாண்டுக்குள் ஒரு சொல்லின் முகம் இவ்வளவு மாறியதற்கு நடுவிலே ஐரோப்பாவில் நிகழ்ந்தவையே காரணம்.

அந்த ரோமானியக் கோற்கற்றையின் பெயரினின்றே இத்தாலியில் ‘ஃபாஸியோ’ என்ற சொல் கட்டு, சங்கம் என்னும் பொருளில் வழங்கிற்று; 1919 மார்ச் 23-இல் மிலான் நகரில் முசோலினி கூட்டிய சங்கம் அப்பெயரைப் பூண்டு பாசிசம் ஆயிற்று. 1922 அக்டோபரில் அவன் ஆட்கள் ரோமாபுரியை நோக்கிப் புறப்பட்டபோது, இராணுவச் சட்டத்துக்கான ஆணையைப் பிரதம மந்திரி எழுதி நீட்ட, அரசன் விக்டர் இம்மானுவேல் கையொப்பமிட மறுத்தான். மறுத்ததோடு நில்லாமல் முசோலினியையே மந்திரிசபை அமைக்க அழைத்தான். பிரதிநிதி சபையின் 535 இடங்களில் அக்கட்சிக்கு இருந்தவை 35. வாளேந்தி நகருட் புகுந்தான் என்று பின்னாளிற் பாடப்பட்டவன் மிலானிலிருந்து இரவு ரயிலிலே படுத்து வந்து இறங்கினான். அச்சபையும் பெரும்பான்மை வாக்கால் அவனுக்கு ஓராண்டுத் தனியதிகாரம் அளித்தது. ஜெர்மனியில் 1933 ஜனவரி 30-இல் ஹிட்லரை நியமித்தவர் ஜனாதிபதி ஹிண்டன்பர்க். மார்ச் 23-இல், பார்லிமெண்டு மாளிகை எரிந்துபோனமையால் ஓர் இசை நாடக அரங்கிலே கூடிய சபை, கம்யூனிஸ்டு உறுப்பினர் வர இயலாதவராக, பழுப்புச் சட்டைப் படையினர் சூழ்ந்து நிற்க, சட்டமியற்றும் உரிமையை நான்கு ஆண்டுக்கென்று மந்திரிசபைக்குத் தாரைவார்த்தது. உடன்பட்டவர் 444, மறுத்தவர் 94. அந்தத் தொண்ணூற்று நால்வர் அனைவரும் சமூக ஜனநாயகக் கட்சியினர் என்பதை நன்றியோடு எழுதுகிறேன்.

பறித்தவன் வரலாற்றை மட்டும் படித்துவிட்டுச் சொல்லுக்கு உரை எழுதுவோர், நேராக இருந்த கோல் எந்தெந்தக் கைகள் வழியே சென்று எந்த இடத்தில் வளைந்தது என்பதைக் காண்பதில்லை. பழந்தமிழர் கண்டனர்; கண்டபடியே பெயரிட்டனர். கொடுங்கோலிலுள்ள கொடு வளைந்த என்னும் கொடுவே. கொடியது என்பது அதனின்று பிற்பட்டு வளர்ந்த பொருள். கொடு, கோடு, கோட்டம், கோணல் என்பவற்றை ஒரே வேரில் வைக்காத அகராதி எதுவாயினும், இவ்விஷயத்தில் அதை நான் ஏற்பதற்கில்லை.