மணவாளன்

கல்யாணப் பத்திரிகையில் மணமகன் என்று அச்சடிக்கிறோம். வீட்டில் மாப்பிள்ளை என்கிறோம். மணவாளன் பெருமாளோடு தங்கிவிட்டான்.

பண்பை உடையவன் பண்பாளன். மணத்தை உடையவன் மணவாளன். குறுகினால் மணாளன், பெண்பாலில் மணவாட்டி. இதில் வரும் மணத்தைப் பூவாசனையோடு முடிச்சுப் போட அவசரப்பட வேண்டாம். மணத்தல் என்ற பழைய வினைக்குக் கூடுதல், கலத்தல் என்று பொருள். அதன் எதிர்ச்சொல் தணத்தல், அதாவது பிரிதல். இரண்டையும் ஒரே குறளில் (1233) வைத்து, பெண்ணின் தோளைச் சாட்சிக்கு அழைக்கிறார் வள்ளுவர். கூடிய நாளில் பூரித்த தோள், பிரிந்ததும் மெலிந்து ஊருக்கே காட்டிக்கொடுத்து விடுகிறது.

மணம் என்றதும் தணத்தலும் ஊடலும் கூடவே வருவது தமிழ்க் கவிதையின் வழக்கம். அகநானூற்றின் 86ஆம் பாட்டு நல்லாவூர் கிழாருடையது. உளுந்து சேர்த்த பொங்கல், புதுமணல் பரப்பிய பந்தல், பிள்ளை பெற்ற பெண்கள் நால்வர் பூவும் நெல்லும் கலந்த நீரால் பெண்ணை நீராட்டுவது என்று கல்யாணம் கண்முன் நடக்கிறது. தீவலமும் இல்லை, புரோகிதரும் இல்லை. இரவில் புதுப்புடவைக்குள் ஒடுங்கிக் கிடக்கிறாள் பெண். முகத்தை மூடிய துணியை அவன் விலக்க, அஞ்சிப் பெருமூச்சு விடுகிறாள். ‘என்ன நினைத்தாய், மறைக்காமல் சொல்’ என்கிறான். உள்ளே மகிழ்ச்சி நிறைய, தலையைக் கவிழ்த்துக்கொள்கிறாள். இந்த இனிப்பையெல்லாம் அவன் சொல்லும் இடம்தான் வேடிக்கை: வீட்டுக்குள் விட மறுக்கும் தோழியிடம் சொல்கிறான் என்கிறது பாட்டின் துறைக்குறிப்பு. விற்றூற்று மூதெயினனாரின் 136ஆம் பாட்டிலும் அதே கதைதான். மனைவியின் ஊடல் தணியாதபோது கணவன் தன் கல்யாண நாளை நெஞ்சோடு பேசி நினைத்துக்கொள்கிறான்.

இதே சிக்கலில் மாட்டிக்கொள்ளும் இன்னொருவர் திருவரங்கத்துப் பெருமாளான அழகிய மணவாளன். பங்குனி ஆயில்யத்தன்று உறையூர் போய்க் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தியில், அதாவது ஒன்றாக அமர்ந்து காட்சி தந்து, இருக்கிறார். திரும்பி வந்தபின், உத்திரத்தன்று, ரங்கநாயகித் தாயார் கதவைச் சாத்துகிறாள். வாழை மட்டையால் அடி விழுகிறது, பூவும் வெண்ணெயும் பறக்கின்றன. நம்மாழ்வார் வந்து சமாதானம் பேசிய பிறகுதான் அங்கே சேர்த்தி. பிரணய கலகம் என்று வைணவர்கள் சொல்வதை ஊடல் என்றாலே போதும். பெருமாளின் பெயரைத் தாங்கிய மணவாள மாமுனிகள் (1370–1443) துறவி. மாப்பிள்ளை என்று பொருள்படும் பெயரோடு காவியில் ஒருவர்! யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

மலையாளத்தில் இந்தச் சொல் கோயிலுக்குள் அடையவில்லை. மணவாளன், மணவாட்டி அங்கே வீட்டுச் சொற்கள். மாப்பிள்ளைமார் எனப்படும் கேரள முஸ்லிம்களின் ஒப்பனைப் பாட்டில் தோழியர் சூழ நடுவில் உட்கார்ந்திருப்பவள் மணவாட்டிதான். தமிழ் விவிலியத்திலும் பத்துக் கன்னிகைகள் விளக்கேந்திக் காத்திருப்பது மணவாளனுக்காகவே.

மணமகன் என்பது தாலி கட்டும் நாளோடு காலாவதியாகும் பெயர். மறுநாள் தொடங்கும் கூடலுக்கும் ஊடலுக்கும் கதவு தட்டலுக்கும் பொருந்துவது மணவாளன்தான். பத்திரிகை அடிப்பவர்கள் ஒருமுறை இதைப் போட்டுப் பார்க்கலாம்.